பழங்கலம் தெரிதல்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைப்பித்த ஏரியும், நகரை வளைந்தோடும் மகாவலி கங்கையுமே இந்நகரத்தார் அன்றாடம் காணும் நீர்ப்பரப்புகள். ஏரியில் பயணிகளைச் சுற்றிக்காட்டும் சிறு படகுகளையன்றி வேறு கலம் இங்கே காண்பது அரிது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஆற்றிலும் கடலோரத்திலும் செல்லும் இயந்திரப் படகைத் தெரிந்து வாங்கும் முறையைப் பற்றி ஒரு தமிழாசிரியன் எழுதப் புகுவானாயின், 'மலையில் இருப்பவனுக்கு மரக்கலத்தில் என்ன வேலை?' என்று வாசகர் வினவுதல் இயல்பே.

ஆயினும் கண்டிக்கும் கலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1659ஆம் ஆண்டு நவம்பரில் சோழமண்டலக் கரையை அடுத்த கடலில் எழுந்த புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டிச் செப்பனிடுவதற்காக அது திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. வந்தவிடத்தில், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மைந்தர் றொபேட் நொக்ஸையும் துணைவர் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை மலைநாட்டிலேயே மாண்டார். மைந்தர் 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடும் வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டிச் சீமையில் கழித்தார். முரிந்த பாய்மரம் ஒன்று ஒரு மனிதனின் இளமை முழுவதையும் கொண்டுபோயிற்று. கலத்தில் ஓர் உறுப்புக் கெட்டால் கெடுவது கலம் மட்டுமன்று என்பதற்குக் கண்டி வரலாற்றிலேயே சான்று உண்டு.

நொக்ஸைச் சிறைப்படுத்திய அக்குடாவிலேயே நம் மகாவலியும் சென்று சேர்கிறது. 335 கிலோமீற்றர் ஓடி, அணைகள் பல கடந்து, கிளைகளாய்ப் பிரிந்து அது கடலிற் கலக்கும் இடம் அது. மலையில் நாம் காணும் நீரே அங்கே உப்பாகிறது. ஆதலின் கண்டியில் இருப்பவன் கடலைப் பற்றிப் பேசுவது முற்றும் பொருந்தாததன்று.

இது நிற்க. இக்கட்டுரைக்கு வாய்ப்பளித்தவர் என் பழைய மாணவர் ஒருவர். இந்நகரில் தம் தம்பியோடு சேர்ந்து ஏலம், கறுவா, மிளகு முதலிய பலசரக்கு வாணிகம் செய்பவர். கண்டியைக் காண வரும் பிறநாட்டுப் பயணிகள் பின்னர்க் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போவதைப் பல ஆண்டு கண்டு, அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு படகு வாங்கத் துணிந்தார். ஆண்டின் ஒரு பாதியில் கொட்டியாரக் குடாவிலும் மகாவலிக் கழிமுகத்திலும், மறுபாதியில் நீர்கொழும்புக் களப்பிலும் அதை நடத்துவது அவர் எண்ணம். மாத்தளைப் பக்கத்தில் இருந்த குடும்பக் காணியை விற்ற பணமே முதல். புதுக்கலம் அப்பணத்துக்கு எட்டவில்லை. பழங்கலம் ஒன்றே வழி.

"ஐயா, நீங்கள் கடற்கரையில் பிறந்தவர்கள். ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்று அவர் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, கலத்தின் பெயர்கள் எனக்குத் தெரியும். கலம் தெரிந்தவர் எங்களூர் ஓடாவியார் ஒருவர் திருகோணமலையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரையும் அழைத்துக்கொள்வோம்" என்றேன். அவ்வாறே மூவரும் இரு கரைகளிலும் மூன்று படகுகளைச் சென்று பார்த்தோம். அங்கே கண்டதும் கேட்டதும், நூல்களிற் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பழமை இழிவன்று

'பிறர் விட்டதை வாங்குவதா?' என்று தயங்குவோர் பலர். கலத்தைப் பொறுத்தவரை இத்தயக்கம் வேண்டியதில்லை. புதுக்கலத்தின் குறைகள் இனித்தான் வெளிப்பட வேண்டும். பழங்கலத்தின் குறைகளோ பெரும்பாலும் வெளிப்பட்டுவிட்டன. பார்க்கத் தெரிந்தவனுக்கு அவை கண்முன் நிற்கும்.

வடமராட்சியில் பிறந்தோர் 'அன்னபூரணி'யின் கதை கேளாமல் வளர்வதில்லை. வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் வேப்பமரத்தால் கட்டப்பெற்ற பாய்க்கப்பல் அது. சில ஆண்டுகள் சரக்கேற்றி உழைத்தது. அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். அவர் கலம் அறியாதவர் அல்லர். 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமுள்ள 'சுவாப்' என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். புதிதாய்க் கட்டிக்கொள்ளும் வசதி படைத்த ஒருவர், உலகத்துக் கடல்களையெல்லாம் கண்டபின், நம் ஓடாவிகள் கட்டிய பழஞ்சரக்குக் கப்பலைத் தெரிந்தெடுத்தார் என்பது சிந்திக்கத் தக்கது. தம் மனைவியார் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்தினர். சூயஸ் கால்வாய் கடந்து, அத்திலாந்திக் பெருங்கடலையும் தாண்டி, 1938 ஓகஸ்ட் மாதத்தில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

மற்றொரு சான்று இங்கிலாந்திலிருந்து. டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாயிருந்து உயிர் பிழைத்த சார்ள்ஸ் லைற்றோலர், 1912இல் கடற்படைக்கென அமைந்த ஒரு நீராவிப் படகின் வெற்றுடலை 1929இல் வாங்கினார். அதை 58 அடி இயந்திர உல்லாசப் படகாக மாற்றிச் 'சன்டவுனர்' என்று பெயரிட்டு ஐரோப்பியக் கரைகளில் உலாவினார். 1940 யூன் 1ஆம் நாள், தம் மகனோடும் இளைஞன் ஒருவனோடும் அதைத் தாமே டன்கேர்க்குக்குச் செலுத்தி, ஏறத்தாழ 130 படைவீரரை மீட்டு வந்தார். அதற்கு முன் அப்படகு 21 பேருக்கு மேல் ஏற்றியதில்லை என்பர்.

றொபின்சனும் லைற்றோலரும் வாங்கியவை பழங்கலங்களே. ஆனால் இருவரும் அழகிய சாயத்தை வாங்கவில்லை; உறுதியான உடலை வாங்கினர்.

முதற்கண் தேவை

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைப் புறத்தே வையையைக் கடந்த செய்தியைச் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர். அத்துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் கொண்ட அம்பிகள் பல இருந்தன. ஆயினும் அம்மூவரும் ஏறியது எளிய மரப்புணையிலேயே. ஓர் ஆற்றைக் கடத்தற்கு அதுவே போதுமாயிற்று. கலம் வாங்குவோர்க்கு இளங்கோவடிகள் தரும் முதற்பாடமாக இதனைக் கொள்ளலாம். முகத்தைப் பார்த்து ஏறற்க. போகும் இடத்தைப் பார்த்து ஏறுக.

ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே கலம் வேண்டுவோர் இரு முரண்பட்ட குணங்களை ஓருடலில் தேடுகின்றனர். ஆழமற்ற கழிமுகத்துக்குத் தட்டையான அடி நல்லது. மணல்திட்டில் ஏறினாலும் சாயாமல் நிற்கும். ஆனால் அவ்வடி கடலலையில் அறைபட்டு உள்ளிருப்போரின் எலும்பை உலுக்கும். கூரிய அடி அலையைப் பிளந்து செல்லும். ஆயின் ஆழம் கேட்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட உடலும், நீருக்குள் மூன்றடிக்கு மேற்படாத இறக்கமும் நம் கழிமுகங்களுக்கு ஏற்றவை என்பது ஓடாவியார் கருத்து. கால்வாயிலும் செல்வதாயின் நீருக்கு மேலுள்ள உயரத்தையும் அளக்க வேண்டும். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயின் மேல் பாலங்கள் பல உள்ளன. கூரை உயர்ந்த படகு முதற்பாலத்தோடு திரும்ப நேரும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் உடலுக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. நீர்மட்ட நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது அதன் வேகம், நொட் அளவில். 36 அடிக்கு வர்க்கமூலம் 6. ஆகவே ஏறத்தாழ 8 நொட். இதற்கு மேல் விரைய முயன்றால் எரிபொருள் செலவாகுமேயன்றி வேகம் மிகாது. நீர்மேல் எழும்பிப் பறக்கும் உடல்கள் வேறு. அவற்றுக்குப் பெரிய இயந்திரமும் பெரிய பணப்பையும் வேண்டும். கழிமுகத்தில் பறவை பார்க்கப் போகிறவர்க்கு 8 நொட் மிகையே.

பருவத்தையும் எண்ண வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மேற்குக் கடலைக் கலக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை கிழக்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். என் மாணவரின் திட்டம் இக்காற்றுகளை ஒட்டியே அமைந்திருந்தது. அது நன்று. ஆனால் பருவம் மாறும்போது கலத்தைக் கரை சுற்றியோ பாரவண்டியிலோ கொண்டுபோக வேண்டும் என்பதால், வண்டியில் ஏறாத அகலமுள்ள கலம் அவருக்கு ஆகாது என்பதும் உடனே தெளிவாயிற்று.

உடலைத் தட்டிப் பார்த்தல்

சென்னையில் 1950இல் அச்சான 'கப்பல் சாத்திரம்' என்னும் பழந்தமிழ் நூல், மரத்தின் கணுக்கள் எவ்விடத்தில் அமைந்தால் நன்மை, எவ்விடத்தில் அமைந்தால் தீமை என்று விரித்துரைக்கும். இக்காலத்தார் அதனைச் சோதிடம் எனத் தள்ளிவிடுவர். யான் அவ்வாறு கருதவில்லை. கணு உள்ள இடத்தில் மரத்தின் நார் வளைகிறது. வளைந்தவிடம் வலுக் குன்றுகிறது. ஏராவிலோ பாய்மரத்திலோ அது தவறான இடத்தில் இருந்தால் கலத்துக்குக் கேடுதான். போசராசர் பெயரால் வழங்கும் 'யுக்திகல்பதரு' என்னும் வடநூல், கடற்கலத்தை இரும்பாற் பிணித்தலாகாது, காந்தப்பாறை இழுக்கும் என்கிறது. காந்தப்பாறை கதையாகலாம். ஆனால் உப்புநீரில் இரும்பாணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுப்பது கதையன்று. முன்னோர் கண்டது உண்மை. கூறிய காரணம் வேறு.

மரக்கலத்துக்குப் பகைவர் இருவர். கீழே உப்புநீரில் வாழும் துளைப்புழு ஒருவர். மேலே தளத்தில் தேங்கும் மழைநீர் மற்றவர். உப்புநீர்ப் புழு நன்னீரில் வாழாது. ஆதலின் ஆற்றில் நெடுநாள் கிடந்த மரக்கலத்தின் அடி பிழைத்திருக்கலாம். ஆனால் மழைநீர் இறங்கிய தளமும் வங்குகளின் தலைப்புகளும் அழுகியிருக்கக்கூடும். கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். கலப்பற்றுப் புதிதாயிருந்தால், ஏன் இப்பொழுது புதுப்பித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கண்ணாடி நாரால் வார்த்தவை. இவற்றில் புழு இல்லை. ஆனால் மேற்பூச்சினூடே நீர் மெல்லக் கசிந்து உள்ளே கரைபொருளோடு சேர்ந்து கொப்புளங்களை எழுப்பும். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த மணத்தோடு நீர் வரும். நன்னீர் மரத்துக்குப் புழுவைத் தீர்க்கும் மருந்தாயினும், கண்ணாடி நாருக்கு உப்புநீரினும் மிகுதியாகக் கொப்புளம் தருவது என்பது வியப்புக்குரியது. ஓடாவியார் ஒரு நாணயத்தை விரலிடைப் பிடித்து உடல் முழுதும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடம் 'டிண்' என்று ஒலித்தது. கெட்ட இடம் ஊறிய பலகைபோல் மந்தமாய் ஒலித்தது. இயந்திரம் தாங்கும் பின்பலகையையும், ஆணி இறங்கிய இடங்களையும் அவர் இருமுறை தட்டினார். அங்கேதான் உள்ளேயுள்ள ஒட்டுப்பலகைக்கு நீர் இறங்கும்.

கலம் கட்டிய ஆண்டையும் கேட்டறிய வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரமெங்கும் படகுகள் அவசர அவசரமாக வார்க்கப்பெற்றன. அவற்றுள் தரங்குறைந்தவை பல என்று அக்காலத்திலேயே ஆராய்ந்தோர் எடுத்துரைத்தனர். இரக்கத்தால் விரைந்து செய்ததாயினும் மெல்லிய உடல் மெல்லிய உடலே.

நாங்கள் கண்ட இரண்டாம் படகு இரும்புடலது. வெளியே துரு தெரியவில்லை. உட்புறம் தளப்பலகையைத் தூக்கச் சொன்னார் ஓடாவியார். அடியில் தேங்கிய நீரில் துரு செதிள் செதிளாய் உதிர்ந்து கிடந்தது. "இரும்பு உள்ளிருந்துதான் சாகும்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். ஒலியலைக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கும் வசதி இன்று உண்டு. அவ்வளவுக்கும் அங்கே தேவை இருக்கவில்லை.

இயந்திரத்தின் வாக்குமூலம்

இயந்திரத்தைப் பற்றி விற்பவர் சொல்வதைக் காட்டிலும் இயந்திரமே சொல்வது மெய். நாம் வருமுன் அதைச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த டீசல் இயந்திரம் தாமதமின்றி எழுமாயின் அதன் நெஞ்சு நலமுடையது. பின்னர்ப் புகையைப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருளுக்கேற்ற காற்றில்லை, அல்லது இயந்திரம் தாங்காத சுமையை இழுக்கிறது. வெண்புகை நீங்காது நின்றால் எரியாத எரிபொருளோ உட்புகுந்த நீரோ காரணமாகும். எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்க்கையில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனுள் நீர் கலந்துவிட்டது. பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

கரையில் நின்று கேட்பது போதாது. கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டும். வெப்பமானி ஒரு நிலையில் நிற்கிறதா, சுழலித்தண்டு நடுங்குகிறதா, அது வெளிச்செல்லும் துளையில் நீர் சொட்டுகிறதா ஓடுகிறதா என்பனவெல்லாம் அப்பொழுதே தெரியும். மணல்திட்டு மிகுந்த நம் ஆற்றுவாய்களில் இரட்டை இயந்திரத்தைவிட, ஏராவின் பின்னே ஒடுங்கிய ஒற்றைச் சுழலியே காவலுடையது. இரட்டைச் சுழலிகள் இருபுறமும் திறந்த வெளியில் சுழல்வன. மணலும் மரக்கட்டையும் அவற்றை எளிதில் முறிக்கும்.

சிறிய பொருள் ஒன்றையும் மறத்தலாகாது. உலோக உறுப்புகள் அரிக்காமலிருக்க அடியில் ஒரு பலிக்கட்டி பொருத்துவர். தன்னைத் தின்னக் கொடுத்துச் சுழலியைக் காக்கும் ஈகையாளன் அது. கடல்நீருக்கு நாகமும், நன்னீருக்கு மக்னீசியமும், இரண்டும் கலந்த கழிமுகத்துக்கு அலுமினியமும் ஏற்றவை. இருநீரிலும் உலாவ விரும்புபவர் இதனை அறியாவிடின், ஓராண்டில் சுழலி தேய்ந்த தேங்காய்ச் சிரட்டையாகும்.

நிலைபெறுதல்

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர்நிலை. முதலிற் கண்ட படகை ஈற்றிற் கூற வைத்திருக்கிறேன்.

நீர்கொழும்புக் களப்போரத்தில் அது கட்டப்பட்டிருந்தது. பால்போன்ற வெள்ளைச் சாயம், மெத்தை இருக்கைகள், மேலே பயணிகள் நின்று பார்க்க ஒரு மாடித்தளம். என் மாணவர் மனம் அதனிடமே தங்கிவிட்டது. முற்பணமும் சட்டைப்பையில் இருந்தது. இருபத்தைந்து பேர் ஏறலாம் என்றார் விற்பவர். உடல் பழைய மீன்பிடிப் படகினது என்பதும், மாடி பின்னர் ஏற்றப்பட்டது என்பதும் ஓடாவியார் ஏறிய சிறிது நேரத்தில் தெரிந்தன.

அவர் விளிம்பில் நின்று, கயிற்றைத் தளர்த்தச் சொல்லி, தம் உடற்பாரத்தால் படகை ஓர் ஆட்டு ஆட்டினார். பின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு ஒருபுறம் மெல்லச் சாய்ந்தது. அங்கே சிறிது தயங்கியது. பிறகு சோம்பலோடு மறுபுறம் திரும்பியது. தம்பட்டம் அடித்தாற்போல் விரைந்து திரும்பும் கலமே நிலையுள்ளது. தொட்டில்போல் இனிதாய் மெல்ல ஆடுவது கேட்டின் அறிகுறி. பாரம் மேலே ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

"தம்பி, இது அசைவதற்கு முன்பு யோசிக்கிறது. யோசிக்கிற வள்ளத்தில் பிள்ளைகளை ஏற்றாதே" என்றார் ஓடாவியார்.

"மாடி இருப்பதால்தானே பயணிகள் வருவார்கள்? அதைக் கழற்றிவிட்டால் யார் ஏறுவார்?" என்று கேட்டார் என் மாணவர். அவர் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. காணி விற்ற பணம் வங்கியில் கிடக்க ஆறு மாதம் கழிந்திருந்தது. தம்பியாரோ, நாளும் விலை ஏறுவதைச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்.

"மாடியில் ஒரு யானை தெரிந்தால் எல்லாரும் ஒரு பக்கம் ஓடுவார்கள். அந்த நேரம் நீ எங்கே நிற்பாய்?" என்று மட்டும் கேட்டார் கிழவர்.

டன்கேர்க்கிலே லைற்றோலர் செய்ததும் இதுவே. முதலில் தளத்தின் கீழே ஆட்களை நிறைத்தார். பின்னர் மேலே ஏற்றினார். மேலே ஐம்பதுபேர் ஆனதும் கலத்தின் நிலை தளர்வதைத் தம் காலடியில் உணர்ந்து, அதற்குமேல் ஒருவரையும் ஏற்றவில்லை. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையிலும் அவர் கலத்தின் சொல்லைக் கேட்டார். கேட்டதனால் ஏறியவரெல்லாம் கரை சேர்ந்தனர்.

கேளாதவிடத்து நிகழ்வதை நாம் அறிவோம். மகாவலி கடல்சேரும் அப்பக்கத்திலேயே, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பாலம் கட்டி முடியாமையால் மக்கள் நம்பியிருந்த மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்களும் அதில் உயிரிழந்தனர். நீர் ஆழமான பெருங்கடலன்று அது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மறுகரை இருந்தது. ஓர் ஆசிரியனுக்கு, காலை வரவுப்பதிவேட்டில் விடையின்றி நிற்கும் பெயர்களைக் காட்டிலும் கொடியது வேறில்லை. அச்செய்தியை நான் எடுத்துச் சொன்னபோது என் மாணவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுக்கவிருந்த பணத்தை எடுக்கவுமில்லை.

விலையும் பத்திரமும்

மூன்றாம் படகு திருகோணமலையில் இருந்தது. கண்ணாடி நார் உடல், ஒற்றை டீசல் இயந்திரம், வெயிலில் மங்கிய சாயம், தாழ்ந்த துணிக்கூரை. கண்டவுடன் யாரும் விரும்பமாட்டார். ஆட்டிப் பார்த்தபோது சடக்கென்று நிமிர்ந்தது. உள்ளே எல்லாக் குழாய்வாய்களும் கையால் திருகத் திறந்து மூடின. அதுவே அதனை வைத்திருந்தவர் எத்தகையவர் என்பதைக் காட்டிற்று.

ஆயினும் உடனே வாங்கவில்லை. நீரில் மிதக்கும் கலத்தை வாங்குவது, திரைக்குப் பின்னிருக்கும் மாட்டைக் கயிற்றைப் பார்த்து வாங்குவது போலாகும். கரையேற்றிப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற பரிசோதகர் ஒருவரை வாங்குபவரே தம் செலவில் அமர்த்த வேண்டும். விற்பவர் தரும் சான்றிதழ் விற்பவருக்கே சான்று. அச்செலவு வீண் என்று கருதுவோர் உளர். வாங்காமல் விட்ட கெட்ட கலத்துக்காகச் செலவிட்ட பணமே மிக நன்றாய்ச் செலவிட்ட பணம் என்பேன்.

கரையேற்றியபோது அடியில் சிறு கொப்புளங்கள் சிலவும், சுழலித்தண்டுத் தாங்கியில் தேய்வும் காணப்பட்டன. இரண்டும் செப்பனிடக் கூடியவை. அவற்றின் செலவு விலையிற் குறைந்தது. பதிவுப் பத்திரம், முந்தைய உரிமையாளர் வரிசை, வங்கிக் கடன் இல்லையென்னும் உறுதி, பயணிகளை ஏற்றுவதற்குரிய அனுமதி ஆகிய நான்கும் கைக்கு வந்த பின்னரே பணம் கைமாறியது. வாங்கும் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்குவது நன்று எனக் கலமுடையோர் கூறுவர். அவ்வளவு ஒதுக்க இயலாதவர் சற்றுச் சிறிய கலத்தை வாங்குவதே அறிவுடைமை.

விற்றவர் இருபதுபேர் ஏறலாம் என்றார். ஓடாவியார் பன்னிருவர் என்றார். என் மாணவர் பன்னிரண்டு மிதவைச் சட்டைகளே வாங்கினார். சட்டையில்லாதவர்க்கு இருக்கையில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. பதின்மூன்றாம் பயணியின் கட்டணத்தை இழக்க மனமில்லாதவர் இத்தொழிலுக்கு வருதலாகாது.

கலத்தின் முதுமையைப் பற்றி நம் புலவர் ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார். நற்றிணையின் 315ஆம் பாட்டில் அம்மூவனார் ஒரு பழைய அம்பியைக் காட்டுகிறார். பல ஆண்டு அலைமோதி உடல் நைந்து, முகப்பு முரிந்து, தொழிலுக்கு ஆகாமற்போன அம்பி அது. உழுது ஓய்ந்த நல்லெருதை உழவர் தொழிலினின்று விடுத்துப் புல்லுள்ள சோலையில் விடுவதுபோல, நெய்தல் நிலத்தார் அதனைப் புன்னைமரத்தின் கொழுவிய நிழலிற் கொண்டுபோய்ப் பிணித்து வைக்கின்றனர்.

இப்பாட்டைப் பல்லாண்டு வகுப்பிற் கற்பித்திருக்கிறேன். உள்ளுறை, இறைச்சி என்று மாணவர்க்கு விளக்கியதுண்டு. நீர்கொழும்பில் அவ்வெள்ளைப் படகைக் கண்ட பின்னர் அப்பாட்டில் மற்றொரு பொருளும் தோன்றுகிறது. அந்நெய்தல் மாந்தர் முரிந்த முகப்புக்குச் சாயம் பூசவில்லை. மேலே ஒரு மாடி கட்டவில்லை. அயலூரான் ஒருவனைத் தேடி அதனை விற்கவுமில்லை. தமக்கு உழைத்த கலம் பிறனொருவன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கவிழ அவர்கள் விடவில்லை. நிழல் கொடுத்து ஓய்வித்தார்கள்.

பழங்கலம் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி ஆகவே ஒன்றுதான்: இக்கலம் இன்னும் எருதா, அல்லது புன்னை நிழலுக்கு உரியதா? எருதாயின் துணிந்து வாங்குக. அன்னபூரணிபோல் அது அத்திலாந்திக்கையும் கடக்கும். நிழலுக்குரியதாயின், எவ்வளவு மலிவாயினும், எவ்வளவு வெண்மையாயினும், கைகூப்பி விட்டுவிடுக. விற்போர் விடாவிடினும் வாங்குவோர் விடலாம்.